போல்ட்டில் பூட்டியது

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில், தாய் ஜெகதீஸ்வரியோடு இருக்கிறாள் உஷாந்தி. வயது முப்பத்தொன்பது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடப் பொறியியலாளரின் அலுவலகத்தில் படம் வரைகிற வேலை. காலையில் பஸ், பின்னேரம் பஸ், வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை. பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் ஆள். அவ்வளவுதான் ஆள் என்று நினைத்து அவளோடு கொழுவியவர்கள் பிறகு இருந்து யோசித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் அவளுடைய முன்னாள் கணவன் ராகுலன்.

ராகுலனைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொல்ல வராது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. காப்புறுதிக் கம்பனியில் மனேஜர். கல்யாண வீட்டில் நாலு பேரைச் சிரிக்க வைப்பான், செத்த வீட்டில் கதிரை அடுக்க ஓடித் திரிவான். சொந்தக்காரர் எல்லாருக்கும் அவன் தங்கமான பிள்ளை. அவனிடம் இருந்த வியாதி ஒன்றே ஒன்று. அதுவும் வீட்டுக்குள் இருந்தவளுக்கு மட்டுந்தான் தெரியும். மனைவி வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லையும் அவன் கேட்கமாட்டான். கேட்காமல் விட்டால்கூடப் பரவாயில்லை, அதற்கு நேர் எதிராகச் செய்வான். "மழை வரப்போகுது, குடையைக் கொண்டு போங்கோ" என்றால் கையிலிருந்த குடையையும் வைத்துவிட்டுப் போவான். "இந்தச் சந்தியில இடப்பக்கம்" என்றால் வலப்பக்கம் திருப்புவான். அரை மணித்தியாலம் சுற்றித் திரும்பி வந்தபிறகு, "முதலே வடிவாச் சொல்லியிருக்கலாமே" என்பான்.

கல்கிசையில் அவர்கள் இருந்த வீட்டில், குளியலறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் கசிகிறது என்று அவள் ஒரு நாள் சொன்னாள். வரைபடம் பார்த்தே சோறு தின்கிறவள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"உமக்கு எல்லாத்திலயும் ஒரு சந்தேகம்" என்றான் ராகுலன்.

ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரரின் சீலிங் ஊறி, அவருடைய சாப்பாட்டு மேசையில் விழுந்தது. அன்றைக்கு ராகுலன் கீழே இறங்கிப் போய், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது" என்று அந்த மனிதரிடம் சொன்னான். சீலிங் விழுந்ததையாவது உஷாந்தி மறந்திருப்பாள். இந்த வார்த்தையை மறக்கவில்லை.

பிறகு அவனுக்கு ஜீப்பில் காடு மலை ஏறுகிற பைத்தியம் பிடித்தது. பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்த ஒரு குழு. தெஹிவளையில் டயர்க் கடை வைத்திருக்கிற ஷிஹான் அதற்குத் தலைவர். ராகுலன் மூன்று கதவு வைத்த பழைய ஜப்பான் ஜீப் ஒன்றை வாங்கி, அதில் சேர்ந்தான். உஷாந்தியும் பின்னால் போனாள். போனவளுக்கு அந்தப் பைத்தியம் அவனைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டது. ஜீப்புக்குக் கீழே படுத்துக்கொண்டு எது எதோடு பூட்டியிருக்கிறது என்று பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கல்லும் பள்ளமுமான பாதையில் போகும்போது, கதவுக்குக் கீழே இருக்கிற தகரம் கல்லில் குந்தினால் நசிந்துபோகும். பிறகு கதவு திறக்காது. அதற்காக இரண்டு பக்கமும், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில், தடித்த இரும்புக் குழாய் ஒன்றை நீளத்துக்குப் பூட்டுவார்கள். கல் வந்தால் வண்டி அந்தக் குழாயில் குந்தி, வழுக்கிக்கொண்டு போகும். ஸ்லைடர் என்று பெயர். அதன் கால்கள் போய்ப் பிடிக்கவேண்டிய இடம் சாசி. வண்டிக்கு எலும்பு சாசிதான், தகரம் மேலே போட்ட சட்டை. சட்டையில் பிடித்துத் தொங்கினால் சட்டை கிழியும், வேறொன்றும் நடக்காது.

அந்த ஜீப்புக்கு முதல் சோடி ஸ்லைடரை உஷாந்திதான் செய்தாள். பால்மாப் பெட்டி மட்டையை வெட்டிச் சாசியில் ஒற்றி அளவெடுத்தாள், கணினியில் வரைந்தாள். கொட்டாஞ்சேனையில் கேற்றும் கிரில்லும் செய்கிற பலீல் நானாவின் பட்டறையில் குழாய் வெட்டி, தகட்டில் துளை போட்டாள். பலீல் நானா பற்றவைத்து ஒட்டிக் கொடுத்தார். ஒரு பிழை விட்டாள், அதையும் சொல்லவேண்டும். வலப்பக்கத்தை மட்டும் அளந்து வரைந்துவிட்டு, இடப்பக்கத்துக்கு அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டுவிட்டாள். அலுவலகத்தில் மாடி வீடுகளை அப்படித்தான் போடுவது. ஒரு வீட்டை வரைந்தால் பக்கத்து வீடு ஒரு சொடுக்கில் வந்துவிடும். ஜீப் மாடிவீடா? இடப்பக்கம் சைலன்சர்க் குழாய் ஓடுகிறது. பின்கால் போய் அதில் முட்டியது.

"பெரிய படக்காறி" என்று சொல்லி, பட்டறையில் இருந்த எல்லாரும் பார்க்கும்படி கை தட்டிச் சிரித்தான் ராகுலன்.

அவள் அந்தக் காலை இரண்டு அங்குலம் வெட்டி, அதற்கேற்ற தகட்டை மாற்றிப் பூட்டினாள். கறுப்புப் பெயின்ட் அடித்தபிறகும் அவள் கண்ணில் முதலில் படுவது அந்தக் கட்டைக்கால்தான். வேலை முடிந்த அன்று பின்னேரம் ராகுலன் ஸ்லைடரைப் படமெடுத்து, 'என் கையால் செய்தது' என்று எழுதி முகநூலில் போட்டான். இருநூறு பேர் பாராட்டினார்கள். படத்தின் ஓரத்தில் உஷாந்தியின் ஒரு கால் செருப்பு மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டாவது வருடம் அவள் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாள். ஏன் என்று கேட்ட சொந்தக்காரரிடம், "தொண்டை நோகுது" என்றாள். அவர்களுக்கு விளங்கவில்லை.

நீதிமன்றத்தில் பெரிய இழுபறி இல்லை. கல்கிசை வீடு அவனுக்கு, ஜீப் அவளுக்கு. 'பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி வாகனம்' என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தது. அந்த நாலு சொல்லுக்குள் என்ன பொறி இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

போன கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமைக் காலை, யாரோ ஒரு சாரதி ஜீப்பைக் கொண்டுவந்து கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் போனான். உஷாந்தி இறங்கி வந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் ஸ்லைடர் இல்லை. சாசியில் தகடு பிடித்திருந்த இடங்களில் பெயின்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான் மிச்சம். உதிரிச்சில்லு இல்லை. கால்மிதி இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சுண்டுவிரல் அளவுப் பிள்ளையாரையும் காணவில்லை. பிள்ளையார் பதிவுப் புத்தகத்தில் இல்லைத்தான். ஆனாலும் ஒரு மனிதன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சவர அலகால் சுரண்டி அந்தப் பிள்ளையாரைக் கிளப்பியிருக்கிறானே, அதை என்னவென்று சொல்வது?

கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. "புத்தகத்தில உள்ளது வந்திட்டுது. போல்ட்டில பூட்டினது வண்டியோட சேர்ந்ததில்ல."

அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தாள். ஒரு நாள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இந்தச் சொல்லை இவனுடைய வாயிலேயே திருப்பித் திணிக்காவிட்டால் நான் ஜெகதீஸ்வரியின் மகள் இல்லை என்று அந்த இடத்திலேயே கறுவிக்கொண்டாள்.

எந்த நாள் என்பது அடுத்த கிழமையே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் பெப்ரவரியில் வருகிற நவம் போயாப் பௌர்ணமி விடுமுறைக்கு அந்தக் குழு கித்துல்கலைக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டத்து ஓடைக்குப் போகும். ஓடைக்குக் குறுக்கே கிடக்கிற ஆமைக்கல் என்கிற பாறையை ஏறிக் கடப்பதுதான் அந்தப் பயணத்தின் கொண்டாட்டம். உஷாந்தி ஷிஹானுக்குத் தொலைபேசி எடுத்து, தன்னைத் தனி ஆளாகச் சேர்க்கச் சொன்னாள்.

ஷிஹான் கொஞ்சம் தயங்கினார். "சேர்க்கிறதுல பிரச்சின இல்ல, உஷாந்தி. ஆனா ஸ்லைடர் இல்லாத வண்டிய ஆமைக்கல்லுக்கு எடுக்கிறல்ல. ராகுலன்தான் போன வருஷம் அந்த ரூல கொண்டுவந்த."

"அவர்தானோ?"

"ஓம். இப்பவும் குரூப்ல எழுதியிருக்கிறாரு. அந்த ஜீப் இனி மீன் சந்தைக்குப் போகத்தான் சரிவரும், இன்னும் மூணு மாசத்துல வித்திருவாங்க எண்டு."

"விக்க மாட்டன்" என்றாள் உஷாந்தி. "ஸ்லைடரோட வாறன். என்ர பேரை எழுதுங்கோ."

அவளுக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. இரும்புக்கு ஆசைப்பட்டு அவன் கழற்றவில்லை. அவள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்றுதான் கழற்றியிருக்கிறான்.

அன்றிலிருந்து நவம் போயாவுக்குப் பதினொரு வாரம். அலுவலகம் விட்டு வந்ததும் சாப்பிடாமல்கூடக் கீழே இறங்குவாள். மட்டை, பென்சில், அளவு நாடா. இந்தமுறை இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்தாள். ஒரு சொடுக்கு வேலையும் இல்லை. தகடுகளில் துளை போடத் தொடங்கிய அன்று, கட்டடக் குழுச் செயலாளர் நாகேந்திரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"பிள்ளை, இது குடியிருக்கிற இடம். கராஜ் இல்ல. மேல ஆக்கள் சீரியல் பாக்கேலாமல் கிடக்குது."

"இன்னும் ரெண்டு துளை, அங்கிள்."

"உதெல்லாம் கடையில வாங்கலாந்தானே. ஏன் நீர் கஷ்டப்படுறீர்?"

"வாங்கினா என்ர கோவம் ஆறாது, அங்கிள்."

நாகேந்திரம் அவளையும் துளைபோடுகிற இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அரைக்கிற வேலையை மட்டுமாவது வேறெங்காவது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே போனார்.

அந்த வேலைக்கு மறுபடியும் கொட்டாஞ்சேனைதான். பஞ்சிகாவத்தையில் மூன்று இரும்புக் கடை ஏறி இறங்கி, ஒட்டுத் தையல் இல்லாத கனத்த கறுப்புக் குழாயாகப் பார்த்து எடுத்தாள். கடைக்காரர் பளபளவென்று துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை எடுத்துக் காட்டினார். அவள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். மெல்லிய சாமான், ஒட்டும்போது புகை வேறு நெஞ்சுக்குக் கூடாது. குழாய்களை ஒரு முச்சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு பலீல் நானாவின் பட்டறையில் போய் இறங்கினாள்.

"என்ன புள்ள, மறுபடியும் அதேவா? மொதல்ல செஞ்சது எங்க?"

"கழட்டிக்கொண்டு போயிட்டார், நானா."

"ஆரு?"

"தன்ர கையால செய்தது எண்டு சொன்னவர்."

பலீல் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அவரா செஞ்ச? அவரு அன்டைக்கி முழுக்க டீ குடிச்சிட்டுத்தானே இருந்தாரு."

உஷாந்திக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல்தரமாக ஒரு ஆள் கண்டதைக் கண்டபடி சொல்லியிருக்கிறார். அவள் கிரைண்டரைக் கையில் எடுத்தாள்.

பக்கத்துக்கு மூன்று கால். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஆறு மில்லிமீற்றர்த் தகடு. சாசியின் மறுபக்கத்தில் அதற்குச் சோடியாக இன்னொரு தகடு. இரண்டு தகட்டுக்கும் நடுவில் சாசியை, இரண்டு பாண் துண்டுக்கு இடையில் முட்டை வைப்பதுபோல வைத்து, மேலே இரண்டு கீழே இரண்டு என்று நாலு போல்ட்டால் இறுக்குவது. சாசியில் ஒரு துளையும் போடவில்லை. துளை போட்டால் எலும்பு பலவீனமாகும். பலீல் நானா ஒவ்வொரு இணைப்பையும் ஒட்டி முடித்ததும், அவள் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டாள்.

"இவ்வளவு கனமா எதுக்கு புள்ள? மலையில போய் மோதப் போறீங்களா?"

"ஒரு ஆளில, நானா."

உஷாந்தி அரைத்த இடத்தையே திரும்பத் திரும்ப அரைத்தாள். பொறி பறந்தது. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு ஞாபகம் வந்தது. குடை, சந்தி, சீலிங், செருப்பு. பட்டறைக்கு வெளியே வரும்போது முகம் கரியாகி இருக்கும். மனம் மட்டும் ஒரு சொட்டும் ஆறியிருக்காது. ஆறவேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை.

தாய் ஜெகதீஸ்வரி ஒரு நாள் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் முழுக்கச் சிராய்ப்பு.

"விட்டுத் துலை பிள்ளை. போனவன் போயிட்டான்."

"அவர் போகேல்ல அம்மா. நான்தான் வந்தனான். ஜீப்பை அனுப்பேக்க பிள்ளையாரையும் கழட்டுவார் எண்டு ஆர் கண்டது?"

பிள்ளையார் பேச்சு வந்ததும் ஜெகதீஸ்வரியும் பல்லைக் கடித்தாள். அதற்குப் பிறகு அவளும் தடுக்கவில்லை.

நவம் போயா அன்று விடியவே புறப்பட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் பன்னிரண்டு வண்டியும் ஓடைக்கரையில் நின்றன. ராகுலன் புது டபுள் கப் பிக்கப் ஒன்றில் வந்திருந்தான். வெள்ளை நிறம், ஆள் உயரச் சில்லு. உஷாந்தி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். நடந்தவள் வலப்பக்கத்து முன்சில்லுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

கட்டைக்கால்.

அவள் இரண்டு அங்குலம் வெட்டிய அதே கால். இடப்பக்கத்தில் பின்னுக்கு இருக்கவேண்டியது, வலப்பக்கத்தில் முன்னுக்கு நின்றது. மனிதன் பக்கம் மாற்றி, முன்பின் திருப்பிப் பூட்டியிருக்கிறான். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறான். பெரிய வண்டியின் சாசிக்கு அந்தக் கால் எப்படி எட்டும்? அவள் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்து பார்த்தாள். எட்டவில்லை. ஒரு காலும் எட்டவில்லை. கதவுக்குக் கீழே இருக்கிற தகரத்தில் துளை போட்டு, சின்னச் சின்னப் போல்ட்டால் மூன்று காலையும் பிடித்திருந்தான். எலும்பை விட்டுவிட்டுச் சட்டையில் தொங்கவிட்டிருந்தான்.

நிமிர்ந்தபோது ராகுலன் முன்னால் நின்று சிரித்தான். டபுள் கப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே பிள்ளையாரும் இருந்தார்.

"என்ன, பழசுகளைப் பாக்கிறீரோ?"

"வடிவாத்தான் கிடக்குது" என்றாள் உஷாந்தி.

அவன் எல்லாருக்கும் கேட்கும்படி திரும்பினான். "ஷிஹான், உஷாந்திக்குப் பின்னால நான் வாறன். நடுக்கல்லில இறுகினா இழுக்கிறதுக்கு ஆள் வேணுந்தானே. என்ர வண்டியில வின்ச் இருக்கு." நாலைந்து பேர் சிரித்தார்கள். கைப்பேசியை அவன் முன்கண்ணாடியில் பூட்டி, படம் பிடிக்கத் தயாராக வைத்தான்.

ஆமைக்கல்லுக்கு அந்தக் குழு வைத்திருக்கிற வழக்கம் ஒன்று உண்டு. கல்லைக் கடந்தவர் வண்டியை அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த வண்டிக்கு முன்னால் நின்று வழி காட்டவேண்டும். ஓட்டுகிறவருக்குத் தன் சில்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்னால் நிற்கிறவர் சொல்கிறபடிதான் திருப்பவேண்டும். அவளுக்குப் பின்னால் நான்தான் வருவேன் என்று வாயால் சொன்னபோது, ராகுலனுக்கு இந்த வழக்கம் ஞாபகத்தில் இருக்கவில்லை. உஷாந்திக்கு இருந்தது.

முதலில் ஷிஹான் போனார். போய்த் திரும்பி வந்து, உஷாந்தியின் ஜீப்புக்கு முன்னால் நின்று கை காட்டினார். வலப்பக்கச் சில்லுகள் இரண்டும் ஆமையின் முதுகில் ஏறவேண்டும்; அதுதான் வழி. இடப்பக்கம் ஒரு இடைவெளி திறந்து கிடக்கும், பார்த்தால் றோட்டுப் போல இருக்கும். அதை நம்பித் திருப்பினால் வலச்சில்லு முதுகிலிருந்து உள்ளே வழுக்கி விழ, கதவடி நேரே கல்லில் குந்தும். உஷாந்தி ஏறினாள். பாதி முதுகில் பாசி பிடித்த இடத்தில் பின்சில்லு வழுக்கியது. ஜீப் சடாரென்று இறங்கி, வலப்பக்க ஸ்லைடர் முழுப் பாரத்தோடும் கல்லில் உட்கார்ந்தது. கரைப் பக்கத்தில் யாரோ "ஆ" என்றார்கள். அவள் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. இரும்பு கல்லில் அரைந்துகொண்டு, ஜீப் அப்படியே முன்னால் வழுக்கி அக்கரையில் ஏறியது. இறங்க முன் அவள் கதவைத் திறந்தாள், மூடினாள், இன்னொருதரம் திறந்தாள். இறுகாமல் சட்டமாகத் திறந்தது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ராகுலன் தட்டவில்லை.

அவள் கல்லில் ஏறித் திரும்பி வந்து, டபுள் கப்புக்கு முன்னால் நின்றாள். அப்போதுதான் அவனுடைய முகம் மாறியது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். "ஷிஹான், இவருக்கு நீங்கள் வந்து காட்டுங்கோ" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராகுலன் கேட்டிருப்பான். ஷிஹான் சொன்னால் கேட்பான், பலீல் நானா சொன்னாலும் கேட்பான், றோட்டில் போகிற ஆள் சொன்னாலும் கேட்பான். அது உஷாந்திக்கு நன்றாகத் தெரியும். அவள் ஷிஹானைக் கூப்பிடவில்லை.

இரண்டு கையையும் உயர்த்தி, இரண்டு கரைக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "வலச்சில்லக் கல்லுக்கு மேல ஏத்துங்கோ. இடப்பக்கம் திருப்பாதேங்கோ. திருப்பினா வலப்பக்கம் கல்லில குந்தும். உங்கட ஸ்லைடர் சாசியில இல்ல, தகரத்தில நிக்குது. அது தாங்காது."

ராகுலன் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். அவளைப் பார்த்தான். இடப்பக்கத்து இடைவெளியைப் பார்த்தான். இவள் தன்னை மாட்டிவைக்கத்தான் இதைச் சொல்கிறாள் என்று அவனுடைய முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"உமக்கு எல்லாத்திலயும் ஒரு சந்தேகம்" என்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் திருப்பினான்.

"இடப்பக்கம் வேண்டாம். வலப்பக்கம்" என்று அவள் இரண்டாம் தரமும் கத்தினாள். ஒழுங்காகத்தான் கத்தினாள்.

வலச்சில்லு முதுகிலிருந்து உள்ளே வழுக்கியது. இரண்டு தொன் வண்டி அவளுடைய பழைய ஸ்லைடரில் குந்தியது. குழாய் வளையவில்லை, அவள் செய்த சாமான் அது. அது பிடித்திருந்த தகரம்தான் கடதாசி போலக் கசங்கியது. கட்டைக்கால் கதவடியைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறி, முன்கதவின் வயிற்றில் போய் நின்றது. அந்தச் சத்தம் உஷாந்தியின் காதுக்குப் பட்டறைச் சத்தத்தைவிட இனிமையாக இருந்தது.

ராகுலன் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. தோளால் இடித்தான். திறக்கவில்லை. கடைசியில் கியர்ப் பொல்லைக் கடந்து, வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கத்து ஆசனத்தில் தவழ்ந்து, இடக்கதவால் ஓடைத் தண்ணீருக்குள் காலை வைத்தான். சப்பாத்து முங்கியது. அவனுடைய கைப்பேசி முன்கண்ணாடியில் இருந்தபடியே எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"இவ வேணுமெண்டு செய்தவ" என்றான். "எல்லாரும் பாத்தனீங்கள்தானே? வேணுமெண்டு என்னை இதில விழுத்தினவ."

ஷிஹான் தொண்டையைச் செருமினார். "அவங்க வலப்பக்கம் எண்டுதானே சொன்னாங்க, ராகுலன். ரெண்டு தரம் சொன்னாங்க. நாங்க எல்லாரும் கேட்டோம்."

அவள் பொய் சொல்லியிருந்தால் ராகுலன் பிழைத்திருப்பான்.

பின்னால் நின்ற வண்டியின் வின்ச் கம்பியைப் போட்டு டபுள் கப்பைப் பின்னால் இழுத்து எடுத்தார்கள். கதவைத் திறப்பதென்றால் ஸ்லைடரைக் கழற்றியே ஆகவேண்டும். யாரிடம் ஸ்பானர் இருக்கிறது என்று கேட்க முதலே உஷாந்தி தன்னுடைய பெட்டியோடு வந்து, நிலத்தில் சாக்கை விரித்துப் படுத்தாள். வலப்பக்கத்தைக் கழற்றினாள். பிறகு சுற்றிப் போய், ஒருவரும் கேட்காமலே, இடப்பக்கத்தையும் கழற்றினாள். இரண்டையும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பின் கூரையில் வைத்துக் கட்டினாள்.

"அதெங்க கொண்டு போறீர்?" என்று ராகுலன் பின்னால் வந்தான். "அது என்ர வண்டிச் சாமான்."

உஷாந்தி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். "உங்கட வண்டிப் புத்தகத்தில எழுதிக் கிடக்குதோ?"

அவன் கயிற்று முடிச்சில் கையை வைத்தான்.

"போல்ட்டில பூட்டினது வண்டியோட சேர்ந்ததில்ல" என்றாள். "நீங்கள்தான் எனக்கு எழுதி அனுப்பினனீங்கள். வேணுமெண்டா இவையளுக்கும் காட்டவோ?"

அவன் கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினான். அவள் அவனைக் கடந்து போய், டபுள் கப்பின் யன்னலுக்குள் கையை விட்டு, பிள்ளையாரை விரல் நகத்தால் கிளப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஜீப் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. நாகேந்திரம் கீழ்த்தளத்தில் நின்று, கூரையில் கட்டியிருந்த இரும்பைப் பார்த்துவிட்டு வழி விட்டார். மேலே ஜெகதீஸ்வரி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். உஷாந்தி சமையலறை வாசலில் நிலத்தில் குந்தி, பிள்ளையாரை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, நடந்த முழுவதையும் சொன்னாள். தாய் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நீ அவனுக்குச் சரியான வழியத்தான் சொன்னனீ?"

"ஓம் அம்மா. சரியான வழியத்தான் சொன்னனான்."

ஜெகதீஸ்வரி மகளுடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். "அவன் கேக்கமாட்டான் எண்டு தெரிஞ்சோ?"

உஷாந்தி கைகளை விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது. பன்னிரண்டு வருடமாக இவனை ஒரு தரமாவது கேட்க வைத்துவிடவேண்டும் என்று மன்றாடியவளும் அவள்தான். இன்றைக்குக் கேட்டுவிடக்கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டு நின்றவளும் அவள்தான்.

"ஓம்" என்றாள். "முதல்தரமா அம்மா, அவர் கேக்காதது எனக்கு நோகேல்ல."

ஜெகதீஸ்வரி ஒரு கோப்பையில் புட்டைப் போட்டு மகளிடம் நீட்டினாள்.